போராடுவது யார்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருந்தவர்களுக்கு அந்த வாசகம் புதிதன்று. உள்ளே படுத்திருப்பவரின் தொண்டையில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் செயற்கைச் சுவாசக் கருவியாகிய வென்டிலேட்டர். சற்றைக்கொரு முறை அபாய மணி ஒலிக்கிறது. நோயாளியின் கழுத்துத் தசைகள் புடைக்கின்றன. மார்பு ஒரு தாளத்திலும் கருவி மற்றொரு தாளத்திலும் இயங்குகின்றன. என்னவாயிற்று என்று பதறிக் கேட்கும் உறவினருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுதான்: "பேஷண்ட் மெஷினோட ஃபைட் பண்றார்."

நாமும் ஒருமுறை அவ்வாயிலில் நின்று இவ்விடையைக் கேட்டோம். சொன்னவர் இரக்கமற்றவர் அல்லர். இரவெல்லாம் கண்விழித்துப் பல உயிர்களுக்குக் காவல் நின்றவர். சிறிது நேரத்தில் ஊசி மருந்து ஏற்றப்பட்டது. மணி ஓய்ந்தது, திமிறிய கைகள் தளர்ந்தன. "இப்ப அமைதியா இருக்கார்" என்றார்கள். நாமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். பல நாள் கழித்தே அந்த வாசகம் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கத் தொடங்கியது.

சண்டை என்ற சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. இயந்திரம் உதவ வந்தது, நோயாளிதான் அதனை எதிர்த்து நிற்கிறார் என்று அது தீர்ப்பளித்து விடுகிறது. வாய்க்குள் குழாய் இருப்பதால் குற்றம் சாட்டப்பட்டவரால் மறுமொழி கூற இயலாது. உண்மையில் அங்கே போராடுவது யார்? யார் யாருக்கு இசைந்துபோக வேண்டும்? இசைவில்லை என்பதை அருகில் நிற்பவர் அறியாமற்போனால் அது வெறும் தொழிற்குறையா, அறக்குறையா? இவ்வினாக்களையே இங்கு எண்ணிப் பார்க்க முனைகிறோம்.

மார்பு ஒன்று, மூச்சு இரண்டு

நாம் இயல்பாகச் சுவாசிக்கும்போது நடப்பது என்ன? உதரவிதானம் கீழிறங்குகிறது, விலாக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானே உள்ளே புகுகிறது. சுவாசக் கருவியின் வழி இதற்கு நேர்மாறானது. அது வெளியிலிருந்து அழுத்தத்தோடு காற்றைச் செலுத்துகிறது. நாம் மூச்சை இழுக்கிறோம். இயந்திரமோ மூச்சைத் தள்ளுகிறது.

நோயாளியின் சொந்த முயற்சி முற்றிலும் அற்றிருக்கும்போது இவ்விரண்டுக்கும் பிணக்கு எழ இடமில்லை. ஆனால் கருவியோடு இணைக்கப்பட்ட பலருக்குச் சொந்த மூச்சின் முயற்சி ஓரளவேனும் எஞ்சியிருக்கிறது. எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் மருத்துவத்தின் விருப்பம். ஏனெனில் பயன்படாத உதரவிதானம் விரைவில் மெலிந்து போகிறது. எனவே ஒரே மார்பில் இரண்டு மூச்சுகள் குடியிருக்கின்றன. அவை மூன்று இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்: மூச்சு தொடங்கும் நேரத்தில், காற்று வந்து சேரும் வேகத்திலும் அளவிலும், மூச்சு முடியும் நேரத்தில்.

இசைக் கச்சேரிக்குச் செல்பவர்கள் இதனை எளிதில் உணர்வர். பாடகர் எடுக்கும் இடமறிந்து மிருதங்கம் எடுக்க வேண்டும்; அவர் முடிக்கும் இடமறிந்து முடிக்க வேண்டும். பிசகு நேர்ந்தால், பாடகர் மிருதங்கத்தோடு சண்டையிடுகிறார் என்று அவையில் எவரும் சொல்வதில்லை. பக்கவாத்தியம் பாட்டுக்காகவே வந்தது என்பதை அனைவரும் அறிவர். மருத்துவமனையில் மட்டும் இம்முறைமை தலைகீழாகிவிட்டது எப்படி?

பையைப் பிசைந்த கைகள்

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்த் தாக்கியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர், நகரின் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தனர். அங்கிருந்த கருவிகள் மார்பை வெளியிலிருந்து விரியச் செய்யும் பழைய வகையைச் சேர்ந்தவை. அவையும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. தொடக்க வாரங்களில் அக்கருவிகளின் துணையோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

அந்நிலையில் பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் அழைக்கப்பட்டார். ஆகஸ்டு 27ஆம் நாள், இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்த அவர் முயன்றார். சிறுமி மூச்சுத் திணறலில் திமிறினாள், காற்று உட்செல்லவில்லை. இப்சன் அவளுக்கு மயக்க மருந்து செலுத்தினார். அவளது சொந்த முயற்சி ஓய்ந்தது. பின்னர் பையின் காற்று அவள் நுரையீரலை நிறைத்தது. சிறுமி பிழைத்தாள்.

அதன்பின் நடந்தது மருத்துவ வரலாற்றில் மறக்கவொண்ணாதது. பையை அழுத்தும் இயந்திரங்கள் போதியன இல்லாமையால், சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து நோயாளிகளின் அருகில் அமர்ந்து, மணிக்கணக்கில், மாதக்கணக்கில் பையைப் பிசைந்தனர். ஒரே வேளையில் 70 நோயாளிகள் வரை மனிதக் கைகளால் சுவாசித்த நாள்களும் உண்டு. நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு பாதிக்கும் கீழாக இறங்கியது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு. முதலாவது, பையைப் பிசைந்த கை வெறும் ஆற்றலை மட்டும் கொடுக்கவில்லை. அது உணரவும் செய்தது. நுரையீரல் இறுகினால் பை இறுகும். நோயாளி தானே ஒரு மூச்சு இழுத்தால் பை நெகிழும். கையின் சொந்தக்காரர் நோயாளியின் முகத்துக்கு எதிரே அமர்ந்திருந்தார். கொடுத்தலும் கேட்டலும் ஒரே உறுப்பில் கூடியிருந்தன.

இரண்டாவது, நம் கருத்துக்குச் சற்று இடர் தருவது. இப்சனும் திமிறிய சிறுமியை உறங்க வைத்தார் அல்லவா? ஆம், வைத்தார். ஆனால் அவளை உறங்க வைத்தபின் அவர் கை பையை விட்டு அகலவில்லை. உறங்க வைத்தது அவள் குரலை மறப்பதற்காக அன்று. அவளுக்கு வேண்டியதைக் கொடுப்பதற்காக. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொள்வோம். மீண்டும் இதனிடம் வருவோம்.

குறுகிய செவி

பின்வந்த ஆண்டுகளில் கையின் வேலையை இயந்திரங்கள் ஏற்றன. அது பெரும் நன்மையே; சலிக்காத கை கிடைத்தது. ஆயினும் அந்தக் கைக்கு உணர்வு குறைவு. இன்றைய கருவிகள் நோயாளியின் அழைப்பைக் கேட்க வல்லவைதாம். குழாயில் ஏற்படும் சிறிய அழுத்தக் குறைவையோ காற்றோட்ட மாற்றத்தையோ கொண்டு "இவர் மூச்சிழுக்கிறார்" என்று அவை அறிகின்றன. ஆனால் பெரும்பாலான கருவிகளுக்கு அந்த ஒரு சாளரமே செவி. அச்சாளரம் சிறிதாதலின் பிழைகள் நேர்கின்றன.

சில வேளைகளில் நோயாளி அழைக்கிறார், கருவி கேட்பதில்லை. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயுள்ளவரின் நுரையீரலில், முந்தைய மூச்சின் காற்று முற்றும் வெளியேறாமல் தேங்கி அழுத்தம் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தை முதலில் வென்ற பிறகே அவரது முயற்சி கருவியை எட்டும். எட்டாத முயற்சிகள் அனைத்தும் வீண். கதவைத் தட்டத் தட்டத் திறவாத வீட்டின்முன் நிற்பவரைப் போல அவர் களைத்துப் போகிறார்.

சில வேளைகளில் எவரும் அழைக்கவில்லை. கருவி கேட்டதாக எண்ணிக்கொள்கிறது. குழாயில் தேங்கிய நீரின் அசைவோ, காற்றுக் கசிவோ, இதயத் துடிப்போகூட அதற்கு அழைப்பாகத் தோன்றி வேண்டாத மூச்சு திணிக்கப்படுகிறது. வேறு சில வேளைகளில், நோயாளி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கக் கருவி தன் கடமை முடிந்ததென நிறுத்திவிடுகிறது. அவர் மீண்டும் இழுக்க, முதல் மூச்சு வெளியேறுமுன் இரண்டாவது அதன்மேல் ஏறுகிறது. நுரையீரலுக்குக் காயம் நேராதபடி அளந்து வைத்த காற்று இவ்வாறு ஏறத்தாழ இருமடங்காகிறது. இன்னும் சில வேளைகளில் அவர் வெளிவிட விரும்பும்போதும் கருவி தள்ளிக்கொண்டே இருக்கிறது. காற்றின் வேகம் அவர் தேவைக்குப் போதாதபோதோ, தாகத்தால் தவிப்பவருக்குச் சொட்டுச் சொட்டாக நீர் வார்ப்பது போன்ற நிலை ஏற்படுகிறது.

இவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ஒன்று. கேட்கப்படாத அழைப்புகள் பெருகுவதற்கு ஒரு முக்கியக் காரணம், உதவி குறைவாயிருப்பது அன்று, மிகுந்திருப்பதே. கருவி அளவுக்கு மிஞ்சித் தாங்கும்போது ஒவ்வொரு மூச்சும் பெரிதாகிறது. வெளியேற நேரம் போதாமல் காற்று தேங்குகிறது. அடுத்த அழைப்பு அதனுள் அமிழ்ந்து போகிறது. தாங்கும் அழுத்தத்தையும் காற்றைச் செலுத்தும் நேரத்தையும் தக்கவாறு குறைத்தபோது இவ்வீண் முயற்சிகள் பெரிதும் மறைந்ததைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2008இல் எடுத்துக்காட்டினர். உதவியின் மிகுதியே உதவி பெறுபவரின் குரலை மூழ்கடிக்கக் கூடும் என்பது மருத்துவத்துக்கு மட்டும் உரிய உண்மையா என்ன? முதிய பெற்றோரைத் தாங்கும் பிள்ளைகளும், ஏழையரைத் தாங்கும் நிறுவனங்களும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினா இது.

காணாத கண்கள்

இவ்விசைவின்மை அரிதாக நேர்வதன்று. பிரான்சில் 62 நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பத்து மூச்சில் ஒன்றுக்கு மேல் பிசகியிருந்தது. அவர்கள் கருவியோடு கழித்த நாள்களும் நீண்டிருந்தன. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 50 நோயாளிகளின் 87 இலட்சத்துக்கு மேற்பட்ட மூச்சுகளைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். பிசகே நேராத நோயாளி ஒருவர்கூட அவர்களுள் இல்லை.

பிசகு எங்கும் உளது. கண்டவர் எத்துணைப் பேர்? 2011இல் இத்தாலிய மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்தனர். உதரவிதானத்தின் மின் அசைவைப் பதிவுசெய்து உண்மையில் எங்கெங்கே பிசகு நேர்ந்தது என அறிந்துகொண்டனர். பின்னர், கருவியின் திரையில் ஓடும் அலைவரைகளை மட்டும் தீவிர சிகிச்சை மருத்துவர்களிடம் காட்டி, பிசகுகளைச் சுட்டுமாறு கேட்டனர். நூற்றுக்கு 22 மட்டுமே கண்டறியப்பட்டன. தேர்ந்தவர்கள் கண்டது 28. தேர்ச்சி குறைந்தவர்கள் கண்டது 16.

ஐந்தில் நான்கு அழைப்புகள், அவற்றைக் கேட்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர்களின் கண்முன்னே கடந்து சென்றன. அவர்கள் கவனமற்றவர்களும் அல்லர். உற்றுப் பார்க்கச் சொல்லியே திரை அவர்கள்முன் வைக்கப்பட்டது. கண் இருந்தது, திரை இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. வாசிக்கும் கலை மட்டும் இல்லை. எழுத்தறியாதவனுக்கு முன்னே விரித்து வைத்த கடிதம் போல அலைவரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கேதான் அறவினா எழுகிறது. அறியாமல் செய்த தவறுக்கு மனிதன் பொறுப்பாளியா? ஒருவனால் எவ்வாற்றானும் போக்கிக்கொள்ள இயலாத அறியாமை அவனைக் குற்றவாளியாக்காது. ஆனால் அறியக் கடமைப்பட்டதை, அறிய இயன்றிருந்தும் அறியாதிருப்பது குற்றத்தின் பாற்படும் என்று புனித தாமஸ் அக்வினாஸ் பகுத்துரைத்தார். அலைவரைகள் திரையில் ஓடாத காலத்து மருத்துவரின் அறியாமை முதல் வகையைச் சேர்ந்தது. படுக்கைதோறும் திரை ஒளிரும் இக்காலத்தில், பிசகுகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தி நூல்கள் எழுதப்பட்ட பின்னர், அறியாமை எவ்வகையைச் சேரும்?

பழியைத் தனி மருத்துவர்மேல் சுமத்த நாம் விரும்பவில்லை. வாசிக்கக் கற்பிக்காமல் ஒருவரை நூலகத்துக்குப் பொறுப்பாளராக்குபவர் யாரோ அவரே முதற்பொறுப்பாளி. இத்துறை வல்லுநர்களின் திறனைச் சோதித்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமக்குக் கண்திறப்பாய் அமைகிறது. பிசகுகளைக் கண்டறியும் திறன், பணிபுரிந்த ஆண்டுகளைப் பொறுத்ததாயில்லை. மருத்துவரா செவிலியரா என்பதைப் பொறுத்ததாயுமில்லை. செயற்கைச் சுவாசத்தில் தனிப்பயிற்சி பெற்றவர்களே மேம்பட்டிருந்தனர். ஆண்டுகள் தாமே எதையும் கற்பிப்பதில்லை. காணாமலே கடந்த பத்தாண்டு, காணாமையில் பெற்ற பத்தாண்டுப் பழக்கமே.

கற்பிப்பது என்ன?

இப்பயிற்சியில் கற்பிக்கத் தக்கவை யாவை? திரையை நோக்குமுன் முகத்தை நோக்குதல் முதற்பாடம். மூக்கு விடைக்கிறதா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, வயிற்றின்மேல் வைத்த உள்ளங்கை உயரும் தருணமும் கருவி காற்றூதும் தருணமும் ஒன்றா என்று பார்க்கக் கற்பிக்க வேண்டும். நோயாளியின் முயற்சிகளை ஒரு நிமிடம் எண்ணி, கருவி காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் எத்துணை எளிய செயல்! எண்ணிக்கை ஒவ்வாவிடில் எங்கோ ஓர் அழைப்பு கேட்கப்படவில்லை.

அதன்பின் திரை. மூச்சு வெளியேறும் காலத்து வரைகோட்டில் காணும் சிறு நெளிவு ஒரு வீண் முயற்சியின் சுவடாயிருக்கலாம். அழுத்த வரைகோடு நடுவில் குழிந்திருந்தால் காற்று போதவில்லை என்பது குறிப்பு. இவற்றைப் படத்தில் காட்டி, படுக்கையருகே காட்டி, தவறவிட்டதைச் சுட்டி, மீண்டும் காட்டிப் பழக்க வேண்டும்.

திருத்தங்களும் பெரும்பாலும் எளியவை. குழாயில் தேங்கிய நீரை வடித்தல், சளியை அகற்றுதல், வலியையும் காய்ச்சலையும் அச்சத்தையும் தணித்தல், உதவியின் அளவையும் வேகத்தையும் நேரத்தையும் மாற்றுதல். நோயாளி திடீரெனத் திணறும்போது பின்பற்றுமாறு இன்றும் கற்பிக்கப்படும் முதல் நடவடிக்கை யாது? கருவியைக் கழற்றிவிட்டுக் கையால் பையை அழுத்துதல். குறை கருவியிலா, குழாயிலா, நுரையீரலிலா என்று கை சொல்லிவிடும். கோபன்ஹேகன் மாணவர்களின் கை இன்னும் ஓய்வு பெறவில்லை.

இக்கல்வி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. மருந்து என்பதை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்காய்ப் பகுத்த வள்ளுவர், நோயுற்றவரை முதலில் வைத்தார், உடனிருப்பவரையும் விட்டுவிடவில்லை. மருத்துவர் வந்து செல்பவர், செவிலியரோ உடனிருப்பவர். பயிற்சி பெற்ற செவிலியர் வீண் முயற்சிகளைத் திரையில் நன்கு கண்டறிவர் என்பதை 2012இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று காட்டியது. கற்பிக்கும்போது அவர்களைப் புறத்தே நிறுத்துவது, நாள் முழுதும் விழித்திருக்கும் கண்களைக் கட்டிவிடுவதாகும்.

அமைதியும் இசைவும்

ஒரு மறுப்பு எழலாம். "மயக்க மருந்து கொடுத்தால் திமிறல் நிற்கிறது, நோயாளி துன்பம் உணர்வதில்லை, பின் ஏன் இத்துணை முயற்சி?" என்று கேட்கலாம். மருந்து கொடுத்தபின் நிலவுவது அமைதி. அது இசைவு ஆகாது. ஆழ்ந்த மயக்கம் மூச்சின் உந்துதலைத் தளர்த்துவதால், அழைப்பு இன்னும் மெலிந்து கேட்கப்படாமலே போகலாம். ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளோரிடத்தும், கருவி ஊதுவதே உதரவிதானத்தைத் தூண்டி முறைதவறிய மூச்சை எழுப்பும் நிலையை 2013இல் மருத்துவர்கள் விவரித்தனர். மணி ஓய்ந்துவிடுகிறது, பிசகு ஓய்வதில்லை.

எனினும் நேர்மை வேண்டுமாயின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நோயாளி வேண்டுவதெல்லாம் அவருக்கு நன்மையன்று. கடுமையாகப் பழுதுற்ற நுரையீரலுக்குச் சிறு மூச்சே காப்பு. உடல் எடைக்கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் கொடுத்தவர்களுள் நூற்றுக்கு 40 பேரளவில் மாண்டிருக்க, 6 மில்லிலிட்டர் கொடுத்தவர்களுள் அது 31 ஆகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. நோயாளியோ பெருமூச்சுக்கு ஏங்குகிறார். அவரது சொந்த வேகமே நுரையீரலைக் கிழிக்கலாம். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தொடக்கத்தில் கொடுப்பது கடும் நோயாளிகளுக்கு உதவியதாக 2010இல் பிரெஞ்சு ஆய்வு கூறியது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு, அதனை அனைவருக்கும் வழக்கமாகக் கொடுப்பதில் இறப்பு குறையவில்லை என்று காட்டியது. ஆகவே உறங்க வைப்பதே கடமையாகும் வேளைகளும் உண்டு. வழக்கமாக்கக் கூடாத வேளைகளும் உண்டு.

அவ்வாறாயின் நாம் வேண்டுவது என்ன? மறுப்பதற்கும் கேளாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே. அறுவை சிகிச்சைக்குமுன் நீர் கேட்டு அழும் குழந்தைக்குத் தாய் நீர் மறுக்கிறாள், ஆனால் அவள் அழுகையைக் கேட்டிருக்கிறாள், காரணம் அறிந்து மறுக்கிறாள், அருகிலேயே இருக்கிறாள். அழுகை ஏனென்று கேளாமல் கதவைச் சாத்திச் செல்பவளும் நீர் கொடுப்பதில்லை. வெளித்தோற்றத்தில் இரு செயல்களும் ஒன்றே. கோபன்ஹேகனில் மருந்து கொடுத்த மருத்துவரின் கை பையின்மேல் இருந்தது என்றோமே, அதன் பொருள் இதுவே. ஏன் திமிறுகிறார் என்று தேடிக் கண்டபின் கொடுக்கும் மயக்கம் மருத்துவம். தேடாமலே கொடுப்பது வாயடைப்பு.

மற்றொரு மறுப்பும் உண்டு. இப்பிசகுகளால் உயிரிழப்பு நேர்கிறது என்பதற்கு உறுதியான சான்று உளதா? மேற்சொன்ன ஸ்பானிய ஆய்வில், பிசகு மிகுந்தோரிடையே இறப்பு மிக அதிகமாயிருந்தது. ஆனால் அத்தகையோர் எண்ணிக்கை சிறிது. நோய் முற்றியதால் பிசகு மிகுந்ததா, பிசகு மிகுந்ததால் நோய் முற்றியதா என்பதை அவ்வகை ஆய்வால் பிரித்தறிய இயலாது. இதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆனால் உயிர் போனால்தான் துன்பத்துக்கு மதிப்பு என்பதும் அறமாகாது. 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கருவியோடு இணைந்திருந்தும் விடையளிக்க இயன்ற 96 பேரிடம் மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டனர். நூற்றுக்கு 47 பேர் ஆம் என்றனர். கருவியின் அமைப்பை மாற்றியதும் அவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்குத் துயர் தணிந்தது. நீருக்குள் அழுத்தப்பட்டவன் அனுபவிக்கும் தவிப்பு அது. கேட்டதால் தெரியவந்தது, தெரிந்ததால் சிலருக்கு நீங்கியது. கற்பதற்கு இக்காரணம் போதாதா?

யாருடைய மூச்சு?

2020இல் பெருந்தொற்று பரவியபோது உலகெங்கும் அரசுகள் சுவாசக் கருவிகளைத் தேடி அலைந்தன. கருவிகளின் எண்ணிக்கை நாள்தோறும் செய்தியாயிற்று. கருவியை வாங்கலாம், அதன் அருகில் நின்று மூச்சை வாசிக்கத் தெரிந்தவரை ஒரே வாரத்தில் வாங்க இயலாது என்பதை அந்நாள்கள் நமக்குக் கசப்பாய்க் கற்பித்தன. பிசகைத் தானே கண்டறியும் மென்பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன, வரவேற்போம். ஆனால் அவையும் ஒரு மணியையே அடிக்கும். மணியை நிறுத்துவதா, காரணத்தைத் தேடுவதா என்று முடிவு செய்யும் மனிதர் அப்போதும் தேவைப்படுவார்.

1957 நவம்பரில், சுவாசக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், நோயாளியினின்று பிரிந்த தனியுரிமை எதுவும் மருத்துவருக்கு இல்லை என்பதை வலியுறுத்தினார். கருவியை எப்போது பொருத்துவது, எப்போது அகற்றுவது என்பதே அன்றைய வினா. இன்றும் நம் விவாதங்கள் பெரும்பாலும் அவ்விரு முனைகளிலேயே நிற்கின்றன. அவ்விரு முனைகளுக்கும் இடையே நாள்களும் வாரங்களும் கிடக்கின்றன. நிமிடத்துக்கு இருபது மூச்சென்றால் ஒரு நாளில் 28,800 மூச்சுகள். அவ்வொவ்வொன்றிலும் அந்த அறம் கடைப்பிடிக்கப்படுகிறது, அல்லது கைவிடப்படுகிறது. மருத்துவருக்கே இல்லாத தனியுரிமை அவர் பொருத்திய இயந்திரத்துக்கு எங்ஙனம் வரும்?

தமிழ் இலக்கணம் தானே ஒலிக்கும் எழுத்தை உயிர் என்றும், உயிரைச் சார்ந்தே இயங்கும் எழுத்தை மெய் என்றும் பெயரிட்டது. மெய்க்கு இசைய உயிர் இயங்குவதில்லை. உயிரைக் கொண்டே மெய் இயங்கும். படுக்கையில் கிடப்பவரிடம் எஞ்சியிருக்கும் அந்த மெல்லிய முயற்சியே அங்குள்ள உயிர். மற்றவை அனைத்தும், எத்துணை விலையுயர்ந்தவையாயினும், அதனைச் சார்ந்து நிற்க வேண்டியவையே.

அடுத்த முறை அந்த வாயிலில் நாம் நிற்க நேர்ந்தால், "ஃபைட் பண்றார்" என்ற விடையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுத் திரும்ப மாட்டோம். குற்றம் காண்பதற்காக அன்று, பணிவோடு ஒன்று கேட்போம்: "மெஷின் அவருக்கு ஒத்துப் போகுதான்னு ஒருமுறை பார்ப்பீர்களா?" பார்க்கத் தெரிந்தவர் உள்ளே ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதே நாம் நம் மருத்துவமனைகளிடமும் மருத்துவக் கல்லூரிகளிடமும் செவிலியர் பள்ளிகளிடமும் கேட்கக் கடமைப்பட்டுள்ள ஒன்று. அவர் இருந்தால், மருந்துப் புட்டியை எடுக்குமுன் தம் உள்ளங்கையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்.